ஜி.டி.நாயுடு: ஒரு பைக்கை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிய இளைஞர் கோவையின் அடையாளமானது எப்படி?

கோவை அவிநாசி சாலையில் உப்பிலிபாளையம் முதல் கோல்டுவின்ஸ் வரை நீளும் 10.1 கி.மீ. மேம்பாலம் 2025 அக்டோபர் 9 அன்று திறக்கப்பட்டது. அதற்கு வைத்த பெயர், ஜி.டி.நாயுடு மேம்பாலம். பெயரில் உள்ள சாதிப் பின்னொட்டு சரியா என்று சமூக வலைதளங்களில் பெரிய விவாதமே ஓடியது. இன்னொரு பக்கம், மாதவன் நடிக்கும் ‘ஜி.டி.என்.’ படத்தின் அறிவிப்பும் வந்தது. இந்தச் சத்தத்தில் ஒரு அடிப்படைக் கேள்வி அமுங்கிப் போனது. அந்த மனிதர் அப்படி என்னதான் செய்தார்?

‘இந்தியாவின் எடிசன்’ என்று ஒரே வரியில் பதில் சொல்லி முடித்துவிடுவது வழக்கம். ஆனால் அவர் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள அந்தப் பட்டத்தைவிட ஒரு பழைய மோட்டார் சைக்கிள்தான் நமக்கு அதிகம் உதவும். கார் இன்ஜினில் சின்ன சத்தம் கேட்டாலே சர்வீஸ் சென்டருக்கு போன் போடும் காலம் இது. நூறு வருடத்துக்கு முன்னால், மெக்கானிக்கும் இல்லாமல் மேனுவலும் இல்லாமல் ஓர் இன்ஜினை வீட்டிலேயே முழுசாகப் பிரித்து, திரும்ப மாட்டி, ஓட்டிக் காட்டிய ஒருவரின் கதை இது.

பள்ளிக்கூடம் பிடிக்காத பையன்

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893 மார்ச் 23 அன்று கோவை மாவட்டம் சூலூர் பக்கமுள்ள கலங்கல் கிராமத்தில் பிறந்தார். விவசாயக் குடும்பம். சின்ன வயதிலேயே தாயை இழந்தார். பள்ளிப் படிப்பு ஆரம்ப வகுப்புகளோடு நின்றுபோனது. வகுப்பில் உட்காரப் பிடிக்காமல் ஆசிரியர் மீது மண்ணை வீசிவிட்டு ஓடிய பையன் என்றுதான் அவரைப் பற்றிய கதைகள் அறிமுகம் செய்கின்றன.

படிப்பு நின்றாலும் படிக்கும் பழக்கம் நிற்கவில்லை. வயலில் வேலை, கூடவே கிடைத்த புத்தகங்களை வாசிப்பது என்று நாட்கள் போயின. எதையும் தானே தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற குணம் அப்போதே இருந்தது. அதற்குத் தீனி போட ஒரு நாள் ஒரு வண்டி வந்தது.

அந்த ஒரு பைக்

அந்தக் காலத்தில் கலங்கல் மாதிரி ஊர்களில் மாட்டுவண்டிதான் போக்குவரத்து. வருவாய்த் துறையில் இருந்த லங்காஷயர் என்ற ஆங்கில அதிகாரி அந்தப் பக்கம் மோட்டார் சைக்கிளில் வந்தார். வண்டி வழியில் நின்றுவிட்டதாகவும், சுத்தம் செய்ய மண்ணெண்ணெய் கேட்டதாகவும், அதைக் கொண்டு வந்து கொடுத்த இளைஞர் நாயுடு, அதிகாரி வண்டியைச் சரிசெய்வதைக் கண் இமைக்காமல் பார்த்ததாகவும் சொல்வார்கள். மாடும் இல்லை, குதிரையும் இல்லை, ஆனால் வண்டி ஓடுகிறது. அது அவர் தூக்கத்தைக் கெடுத்தது.

அந்த வண்டி ‘ரட்ஜ்’. இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரத்தில் இருந்த ரட்ஜ் விட்வொர்த் கம்பெனியின் தயாரிப்பு. சைக்கிள் செய்துகொண்டிருந்த கம்பெனி, அப்போதுதான் மோட்டார் சைக்கிளில் இறங்கியிருந்தது. 1914-ல் ஐல் ஆஃப் மேன் தீவில் நடந்த சீனியர் டி.டி. பந்தயத்தை வென்றதும் ரட்ஜ்தான். அதாவது, கலங்கல் வழியாகப் போனது ஏதோ ஓட்டை வண்டி அல்ல. அந்த நாளின் நவீன தொழில்நுட்பம்.

அந்த வண்டி வேண்டும் என்று முடிவு செய்தார் நாயுடு. கையில் பணம் இல்லை. கோவைக்குக் கிளம்பினார். ஒரு ஹோட்டலில் சர்வர் வேலை. சுமார் மூன்று வருடம் சம்பளத்தைச் சேர்த்து வைத்தார். பிறகு அதே அதிகாரியைத் தேடிப் போய், அந்த வண்டியையே விலைக்கு வாங்கினார். விலை 300 ரூபாய் என்று அவரது வாழ்க்கைக் குறிப்புகள் சொல்கின்றன.

மூன்று வருட உழைப்பில் வாங்கிய பொருளை நாம் என்ன செய்வோம்? பளபளவென்று துடைத்து வைத்து, ஊரைச் சுற்றி வருவோம். நாயுடு அதைப் பார்ட் பார்ட்டாகக் கழற்றினார்.

கழற்றினால் என்ன தெரியும்?

இங்கே கொஞ்சம் நிற்கலாம். ஏனென்றால் நாயுடு செய்தது எவ்வளவு பெரிய ரிஸ்க் என்பது இன்ஜின் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தால்தான் புரியும்.

அந்தக் கால ரட்ஜ் வண்டியில் ஒரே ஒரு சிலிண்டர். பேட்டரி கிடையாது. ‘மேக்னெட்டோ’ என்ற சுழலும் காந்தக் கருவிதான் தீப்பொறியைக் கொடுக்கும். இன்ஜினின் சக்தி பெல்ட் வழியாகப் பின்சக்கரத்துக்குப் போகும். ஆயில் பம்பைக்கூட ஓட்டுபவர்தான் அவ்வப்போது கையால் அழுத்த வேண்டும். இன்றைய கம்ப்யூட்டர் வைத்த காரோடு ஒப்பிட்டால் இது ரொம்ப எளிமையான எந்திரம்.

ஆனால் அடிப்படை வேலை இன்றைக்கும் அதேதான். நான்கு படிகள். பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்றும் பெட்ரோலும் கலந்த கலவை உள்ளே வருகிறது. மேலே ஏறும்போது அது அழுத்தப்படுகிறது. தீப்பொறி பட்டதும் எரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. மறுபடி பிஸ்டன் மேலே ஏறும்போது புகை வெளியேறுகிறது. எப்போது எந்த வால்வு திறக்கணும், எப்போது தீப்பொறி வரணும் என்பதுதான் ‘டைமிங்’. இதில் கொஞ்சம் பிசகினால் இன்ஜின் ஸ்டார்ட் ஆகாது, ஆனாலும் இழுக்காது.

இன்ஜினைப் பிரிப்பவருக்கு முதலில் தெரிய வருவது, எந்தப் பார்ட்டும் தனியாக இல்லை என்பதுதான். பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் தேய்ந்தால் அழுத்தம் கசியும். ஆயில் மேலேறி எரிந்து புகை வரும். வால்வு அதன் இருக்கையில் சரியாக உட்காரவில்லை என்றாலும் அழுத்தம் கசியும். வெளியே பார்த்தால் இரண்டுக்கும் ஒரே அறிகுறி: வண்டி இழுக்கவில்லை. உள்ளே திறந்து பார்த்தால்தான் எது நோய் என்று தெரியும். மெக்கானிக்குகள் ‘ஹெட் வேலை’, ‘இன்ஜின் வேலை’ என்று பிரித்துச் சொல்வது இதைத்தான். மேலே இருக்கும் சிலிண்டர் ஹெட்டை மட்டும் கழற்றி வால்வு, கேஸ்கட் பார்ப்பது முதல் வகை. பிஸ்டன், கனெக்டிங் ராட், கிராங்க் வரை இறங்குவது இரண்டாவது.

கழற்றுவது யாருக்கும் சுலபம். மாட்டுவதில்தான் விஷயம் இருக்கிறது. எந்த ஸ்க்ரூ எந்த ஓட்டைக்கு, எந்த வாஷர் எந்தப் பக்கம், பற்சக்கரங்கள் எந்தப் பல்லில் சேர்ந்திருந்தன என்று எல்லாம் நினைவில் இருக்க வேண்டும். கடைசியில் ஒரு நட்டு மிச்சமானால்கூட அது எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் தூக்கம் வராது. போன் கேமரா இல்லை, யூடியூப் இல்லை, பக்கத்தில் கேட்க ஆளில்லை. சேமிப்பு மொத்தமும் தரையில் துண்டு துண்டாகக் கிடக்கிறது. அதை அவர் திரும்ப மாட்டினார். வண்டி ஓடியது.

நாயுடுவுக்கு இது ஒரு பைக்கை ரிப்பேர் செய்த அனுபவம் மட்டுமல்ல. மனிதர் செய்த எந்தப் பொருளையும் இன்னொரு மனிதர் பிரித்துப் புரிந்துகொள்ள முடியும், புரிந்தால் திரும்பச் செய்யவும் முடியும் என்ற நம்பிக்கை அங்கேதான் பிறந்தது. அடுத்த அறுபது வருடம் அவர் செய்த எல்லாமே இந்த ஒரு நம்பிக்கையின் தொடர்ச்சிதான்.

தோல்வி முதலில், பஸ் பிறகு

நேராக வெற்றிக்குப் போய்விட்டார் என்று நினைக்க வேண்டாம். பருத்தி வியாபாரத்தில் இறங்கி நல்ல லாபம் பார்த்தார். அதே வேகத்தில் பம்பாய்க்குப் போய்ப் பெரிய அளவில் வியாபாரம் செய்தார். அங்கே சம்பாதித்ததை இழந்து ஊர் திரும்பினார்.

1920-ல் ஒரு பஸ் வாங்கினார். கோவையின் பெரிய தொழிலதிபரான ராபர்ட் ஸ்டேன்ஸ் இதற்குக் கைகொடுத்தார். பொள்ளாச்சி - பழனி தடம். டிரைவரும் அவரே, ஓனரும் அவரே.

அந்த நாளில் பஸ் தொழில் என்பது பாதி போக்குவரத்து, பாதி ரிப்பேர். மண் ரோடு, பழனி போகும் கூட்டம், அடிக்கடி சூடாகும் இன்ஜின். உதிரி பாகங்கள் கப்பலில் வர வேண்டும். வரும் வரை வண்டி ஷெட்டில் நிற்கும். நிற்கும் ஒவ்வொரு நாளும் நஷ்டம். இன்ஜினைப் பிரிக்கத் தெரியாத முதலாளி மெக்கானிக்கை நம்பித்தான் இருக்க வேண்டும். பிரிக்கத் தெரிந்த நாயுடு, வண்டியைத் தன் ஒர்க்‌ஷாப்பிலேயே எழுப்பி ஓட விட்டார். போட்டியாளர்களைவிட அவர் முன்னே போனதற்கு இது முக்கியமான காரணம்.

ஒரு பஸ் பல பஸ்களானது. கம்பெனியின் பெயர் சுருக்கமாக யு.எம்.எஸ். சில வருடங்களிலேயே நாட்டின் மிகச் சிறந்த பஸ் நிறுவனங்களில் ஒன்றாக அது பேசப்பட்டது. நேரத்துக்கு வண்டி எடுப்பது, நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பதில் நாயுடு கறாராக இருந்தார்.

ரிப்பேரில் இருந்து தயாரிப்புக்கு

ரிப்பேர் ஒர்க்‌ஷாப்பில் இன்னொரு விஷயம் தானாக நடக்கும். உடைந்த பாகத்துக்கு மாற்று கிடைக்காதபோது, லேத்தில் கடைந்து நாமே செய்யத் தொடங்குவோம். ஒரு பாகம் செய்யத் தெரிந்தால், முழு எந்திரத்தையே செய்தால் என்ன என்று தோன்றும். உலகம் முழுக்க இப்படி நடந்திருக்கிறது. ஜப்பானில் சோய்சிரோ ஹோண்டா முதலில் டோக்கியோவில் ஒரு கார் ரிப்பேர் கடையில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தவர்தான். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ராணுவம் விட்டுப்போன சின்ன ஜெனரேட்டர் இன்ஜின்களை சைக்கிளில் பொருத்தி விற்றார். அதுதான் 1948-ல் ஹோண்டா கம்பெனியானது.

கோவையில் அந்தத் தாவல் 1937-ல் நடந்தது. பீளமேட்டில் இருந்த நாயுடுவின் நேஷனல் எலெக்ட்ரிக் ஒர்க்ஸில் இந்தியாவிலேயே தயாரான முதல் மின் மோட்டார் வெளிவந்தது. இது அவர் தனியாகச் செய்த காரியம் இல்லை. பின்னாளில் டெக்ஸ்டூல் நிறுவனத்தைத் தொடங்கிய டி.பாலசுந்தரம் நாயுடுவின் உழைப்பு இதில் பெரியது. ‘எடிசன்’ பட்டம் சொல்லும்போது இந்தக் கூட்டுழைப்பு மறந்துபோகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஏன் இது முக்கியம்? கோவை மழை மறைவுப் பகுதி. கிணறுகள் ஆழம். தண்ணீர் எடுக்க மோட்டார் வேண்டும். மோட்டார் வெளிநாட்டில் இருந்து வந்தால் சாதாரண விவசாயி வாங்க முடியாது. உள்ளூரிலேயே மோட்டார் செய்யத் தெரிந்த பிறகு, பம்ப், வார்ப்பாலை, லேத் பட்டறை என்று ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு ஒரு தொழில் வட்டமே வளர்ந்தது. இன்று இந்தியாவின் பம்ப் நகரம் என்று கோவையைச் சொல்கிறோம் என்றால் அதற்கான ஆரம்பப் புள்ளிகளில் ஒன்று அந்தப் பீளமேடு பட்டறை.

மோட்டாரோடு அவர் நிற்கவில்லை. டிரை செல்லில் ஓடும் சின்ன மோட்டார் வைத்த ஷேவிங் ரேசர், மிக மெல்லிய ஷேவிங் பிளேடு, மண்ணெண்ணெயில் சுற்றும் ஃபேன், பழச்சாறு பிழியும் கருவி, முறைகேடு செய்ய முடியாத ஓட்டுப் பதிவு எந்திரம் என்று பட்டியல் நீளும். 1941-ல் ஐந்து வால்வு ரேடியோவை வெறும் 70 ரூபாய்க்குத் தன்னால் தயாரிக்க முடியும் என்று அறிவித்தார். தோட்டத்தில் பருத்தி, மக்காச்சோளம், பப்பாளியில் புது ரகங்களை முயன்றார். அந்தத் தோட்டத்தைப் பார்க்க சர் சி.வி.ராமனும் விஸ்வேஸ்வரய்யாவும் வந்திருக்கிறார்கள். கேமராவும் அவருக்குப் பிடித்த எந்திரம்தான். 1936-ல் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தானே படம்பிடித்தார். காந்தி, நேரு, நேதாஜி ஆகியோரையும் அவர் படமெடுத்திருக்கிறார்.

முதல் சுவர்: பட்டம்

1944-ல் மோட்டார் தொழிலின் அன்றாடப் பொறுப்பில் இருந்து விலகினார் நாயுடு. ஆராய்ச்சி மாணவர்களுக்கு உதவித்தொகை, தொழிலாளர் நலத் திட்டங்கள் என்று பணத்தைத் திருப்பினார். அடுத்த வருடம் அவர் முயற்சியில் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கல்லூரி வந்தது. ஆர்தர் ஹோப் அப்போதைய சென்னை மாகாண ஆளுநர். இன்று கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி, அதாவது ஜி.சி.டி. என்று மாணவர்கள் சொல்லும் கல்லூரியின் தொடக்கம் அதுதான். தமிழ்நாட்டு இன்ஜினீயரிங் கவுன்சலிங்கில் முதல் வரிசையில் நிரம்பும் ஒரு கல்லூரியின் வேர், பள்ளிப் படிப்பையே முடிக்காத ஒருவரிடம் இருக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள்.

அந்தக் கல்லூரிக்கு அவரே முதல்வராகவும் இருந்தார். இன்ஜினீயரிங் கற்க நான்கு வருடம் தேவையில்லை, பட்டறையில் கையோடு கற்றுக்கொடுத்தால் இரண்டு வருடம் போதும் என்பது அவர் கருத்து. அரசு ஒப்புக்கொள்ளவில்லை. நாயுடு பதவியை விட்டு விலகினார்.

யார் சொன்னது சரி? முழுசாக ஒரு பக்கம் சாய முடியாது. ஒரு பாலத்துக்குத் தாங்குதிறன் கணக்குப் போட கணிதம் வேண்டும். அதை ஸ்பேனர் பிடித்துக் கற்க முடியாது. ஆனால் நான்கு வருடம் படித்து முடித்த இன்ஜினீயர் ஒரு மோட்டாரைத் திறந்து பார்த்ததே இல்லை என்றால் அதிலும் கோளாறு இருக்கிறது. கேம்பஸ் இன்டர்வியூவில் இன்று வரை கேட்கும் புகாரை நாயுடு 1940களிலேயே எழுப்பியிருக்கிறார்.

இரண்டாவது சுவர்: லைசென்ஸ்

1952-ல் நாயுடுவின் பட்டறையில் இருந்து இரண்டு பேர் உட்காரும் ஒரு பெட்ரோல் கார் வெளியே வந்தது. சொன்ன விலை 2,000 ரூபாய். ரட்ஜ் பைக்கில் ஆரம்பித்த பயணம் சொந்தக் காரில் வந்து நின்றது.

ஆனால் தயாரிப்புக்கு அரசு லைசென்ஸ் கொடுக்கவில்லை. உற்பத்தி நின்றுபோனது.

அதன் பின்னணி இதுதான். தொழில் வளர்ச்சி, ஒழுங்குமுறைச் சட்டம் 1951-ல் வந்தது. யார் எந்தப் பொருளைத் தயாரிக்கலாம் என்பதை டெல்லி முடிவு செய்யும். இரும்பும் அந்நியச் செலாவணியும் பற்றாக்குறையாக இருந்த நாடு, அவற்றைச் சிலரிடம் குவித்தால்தான் பெரிய தொழில் வளரும் என்று நினைத்தது. 1953-ல் டேரிஃப் கமிஷன் கார் தொழிலைப் பற்றிப் பரிந்துரை கொடுத்தது. பாகங்களை இறக்குமதி செய்து இங்கே மாட்டி மட்டும் விற்ற ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ் போன்றவை அதன் பின் வெளியேறின. மிச்சமிருந்த சில கம்பெனிகள்தான் அடுத்த முப்பது வருடம் இந்தியச் சாலையை ஆண்டன. அம்பாசடர், பிரீமியர் பத்மினி, ஸ்டாண்டர்டு என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். சின்னக் கார் என்ற கனவு மாருதி 800 வடிவில் வீட்டு வாசலுக்கு வந்தது 1983 டிசம்பரில்தான். நாயுடுவின் கார் வந்து 31 வருடம் கழித்து.

லைசென்ஸ் கொடுத்திருந்தால் கோவை இன்னொரு டெட்ராய்ட் ஆகியிருக்கும் என்று சிலர் சொல்வதுண்டு. அப்படி அடித்துச் சொல்ல முடியாது. பட்டறையில் ஒரு காரைச் செய்வது வேறு. ஆயிரக்கணக்கில் ஒரே தரத்தில், அதே விலையில் செய்வது வேறு. 2,000 ரூபாய் என்ற விலை தொழிற்சாலையில் நின்றிருக்குமா என்பது சோதிக்கப்படவே இல்லை. சொல்ல வேண்டிய குறை அதுதான்: தோற்றுப் போவதற்கான வாய்ப்புகூட அந்தக் காருக்குக் கிடைக்கவில்லை.

ஜப்பானில் கிட்டத்தட்ட இதே சுவர் ஹோண்டாவுக்கும் வந்தது. 1960களின் தொடக்கத்தில், கார் தயாரிக்கப் புதிய கம்பெனிகள் வேண்டாம் என்று அந்நாட்டுத் தொழில்துறை அமைச்சகம் தடுக்கப் பார்த்தது. ஹோண்டா சண்டை போட்டார். சட்டம் நிறைவேறுவதற்குள் 1963-ல் தன் முதல் நான்கு சக்கர வண்டியைச் சந்தைக்குக் கொண்டு வந்தார். அந்தச் சட்டம் நிறைவேறவே இல்லை.

நாயுடுவும் சண்டை போட்டார், வேறு மாதிரி. வருமான வரி விதிப்பை எதிர்த்து, தான் தயாரித்த பொருட்களைத் தானே பொதுவெளியில் உடைத்துக் காட்டினார். பார்த்தவர்கள் அதிர்ந்தார்கள், வீண் செயல் என்று விமர்சனமும் வந்தது. அந்த விமர்சனத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. உடைத்த பொருளால் சட்டம் மாறவில்லை. எதையும் பிரித்துத் திரும்ப மாட்டியவர், மாட்டவே முடியாதபடி உடைத்தது அந்த ஒரு தடவைதான் போல.

1974 ஜனவரி 4 அன்று, 80 வயதில் நாயுடு மறைந்தார்.

மரக்காணம் உப்பளத்துக்கும் நாயுடுவுக்கும் என்ன தொடர்பு?

அவரது பழக்கம் இன்று எங்கே உயிரோடு இருக்கிறது என்று பார்க்க மியூசியத்துக்கு மட்டும் போக வேண்டியதில்லை. சென்னையில் இருந்து புதுச்சேரிக்கு இ.சி.ஆரில் போகும்போது, விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் வந்ததும் ரோட்டோரம் வெள்ளைக் குவியல்கள் தெரியும். ஆயிரக்கணக்கான ஏக்கரில் உப்பளம். செல்ஃபி எடுத்துவிட்டு நகர்ந்துவிடுவோம். அந்தப் பாத்திகளுக்குள் உப்புநீரை ஏற்றுவது பம்புகள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு தொடங்கும் சீசன் முழுக்க அவை ஓடியாக வேண்டும். பம்ப் நின்றால் பாத்தியில் நீர் ஏறாது. நீர் ஏறாவிட்டால் உப்பு விளையாது. உப்பு விளையாவிட்டால் கூலி இல்லை.

எந்திரத்துக்கு இதைவிட மோசமான இடம் கிடையாது. காற்றில் மிதக்கும் உப்புத் துகள் ஈரத்தோடு சேர்ந்து இரும்பின் மேல் படியும். உப்பில் உள்ள குளோரைடு துருவை வேகப்படுத்தும். அலுமினிய ஹெட்டில் இரும்பு போல்ட் இருந்தால் இன்னும் சிக்கல். இரண்டு உலோகங்களுக்கு நடுவே உப்புநீர் புகுந்தால் ஒரு குட்டி பேட்டரி மாதிரி வேலை செய்து அலுமினியத்தை அரிக்கும். போல்ட் உள்ளேயே பிடித்துக்கொள்ளும். முறுக்கினால் தலை மட்டும் கையோடு வரும். தண்ணீர் சுற்றிக் குளிர்விக்கும் ஆயில் இன்ஜினில் உப்புத்தண்ணீர் ஓடினால் உள்ளறையில் படிவு அடைத்துச் சூடேறும்.

இந்த மாதிரி கரையோர ஊர்களில் ஒரு மெக்கானிக்கின் திறமை, பலத்தில் இல்லை; பொறுமையில் இருக்கிறது. துரு இளக்கும் ஆயிலை ஊற்றிக் காத்திருக்க வேண்டும். கொஞ்சம் சூடு காட்ட வேண்டும். முன்னும் பின்னுமாக அசைத்து அசைத்துக் கழற்ற வேண்டும். திரும்ப மாட்டும்போது மரையில் கிரீஸ் தடவினால்தான் அடுத்த முறை கழலும். இதை எந்த மேனுவலும் மரக்காணத்துக்காகத் தனியாக எழுதவில்லை. பிரித்துப் பார்த்தவர்கள் சேர்த்து வைத்த அறிவு இது. கோவையில் மோட்டார் செய்யக் கற்ற தலைமுறையும், கடற்கரையில் அதை ஓட வைக்கும் தலைமுறையும் ஒரே சங்கிலியின் இரண்டு முனைகள்.

கடற்கரைச் சாலையில் அடிக்கடி போகும் கார், பைக் வைத்திருப்பவர்களுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. திரும்பி வந்ததும் நல்ல தண்ணீரில் வண்டியின் அடிப்பகுதியைக் கழுவுங்கள். பிறகு வரும் பெரிய செலவை இந்தச் சின்ன வேலை தள்ளிப்போடும்.

சரி, இன்று வீட்டில் இன்ஜினைப் பிரிக்கலாமா?

பழைய பைக் என்றால், ஆர்வமும் பொறுமையும் இருந்தால் கற்றுக்கொள்ளலாம். கார் என்றால் யோசிக்க வேண்டும். நாயுடு காலத்து இன்ஜினுக்குச் சில ஸ்பேனர்கள் போதும். இன்றைய கார் இன்ஜினில் ஹெட் போல்ட்டுகளை நடுவில் இருந்து வெளிப்பக்கமாக, குறிப்பிட்ட வரிசையில், பல கட்டமாக, டார்க் ரெஞ்ச் வைத்து அளவோடு முறுக்க வேண்டும். வரிசை தப்பினால் ஹெட் வளையலாம், கேஸ்கட் ஒழுகலாம். பல இன்ஜின்களில் டைமிங் செயினைத் தவறாக மாட்டினால் பிஸ்டன் போய் வால்வில் இடிக்கலாம். அத்தோடு இன்ஜின் காலி. ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுப்பது உயிருக்கே ஆபத்து, ஸ்டாண்டு கட்டாயம். வாரண்டியில் உள்ள காரில் கை வைத்தால் வாரண்டி கேள்விக்குறியாகும்.

இதையெல்லாம் தாண்டி இன்னொரு பூட்டும் இருக்கிறது. இன்றைய இன்ஜினின் மூளை இ.சி.யு. என்ற கம்ப்யூட்டர். கோளாறு என்ன என்று அதுதான் சொல்லும். அதைப் படிக்கும் சாஃப்ட்வேரும், ஸ்பெஷல் டூல்களும், சில உதிரி பாகங்களும் கம்பெனியின் சொந்த சர்வீஸ் சென்டரிலேயே முடங்கினால், தெருமுனை மெக்கானிக்குக்கு வேலை இல்லை. உங்களுக்கும் வேறு வழி இல்லை. உலகம் முழுக்க இதற்கு எதிராக எழுந்த குரல்தான் ‘பழுதுபார்க்கும் உரிமை’. இந்தியாவில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022-ல் இதற்கென ஒரு குழு அமைத்தது. அந்த ஆண்டு டிசம்பரில் இணையதளமும் தொடங்கப்பட்டது. விவசாயக் கருவிகள், மொபைல், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள் ஆகிய நான்கு துறைகள் அதில் அடங்கும். மேனுவல், உதிரி பாகம், வாரண்டி விவரங்களை கம்பெனிகள் வெளிப்படையாகத் தர வேண்டும் என்பது நோக்கம். ஆனால் இதைக் கட்டாயமாக்கும் தனிச் சட்டம் அதோடு சேர்ந்து வரவில்லை.

நாயுடுவின் கதையை இங்கே வைத்துப் பார்த்தால் அதன் அர்த்தம் மாறுகிறது. அன்று ஒரு வெளிநாட்டு வண்டியை யாருடைய அனுமதியும் இல்லாமல் ஒரு கிராமத்து இளைஞரால் திறக்க முடிந்தது. திறந்ததால் கற்றார். கற்றதால் பஸ் ஓட்டினார், மோட்டார் செய்தார், கல்லூரி தொடங்கினார். திறக்கவே முடியாதபடி ஒரு பொருள் பூட்டப்பட்டிருந்தால், மூன்று வருடம் சம்பளம் சேர்க்கும் அடுத்த இளைஞருக்கு அதிலிருந்து கற்க என்ன கிடைக்கும்?

கோவை அவிநாசி சாலையில் ஜி.டி.நாயுடு பெயரிலான தொழில் கண்காட்சியில் அவரது கண்டுபிடிப்புகளைப் பார்க்கலாம். அதே சாலையில் 2015-ல் திறக்கப்பட்ட ஜீடி கார் மியூசியத்தில் பல நாட்டுப் பழைய கார்கள் இருக்கின்றன. புதிய மேம்பாலத்தில் ஏறினால் இந்தச் சாலையைச் சில நிமிடங்களில் கடந்துவிடலாம். ஒரு நாள் பாலத்தில் ஏறாமல் கீழேயே போய்ப் பாருங்கள்.

ஜி.டி.நாயுடு: ஒரு பார்வையில்

1893 - கலங்கல் கிராமத்தில் பிறப்பு
1920 - பொள்ளாச்சி - பழனி இடையே முதல் பஸ்
1937 - நேஷனல் எலெக்ட்ரிக் ஒர்க்ஸில் இருந்து இந்தியாவின் முதல் மின் மோட்டார்
1944 - மோட்டார் தொழில் பொறுப்பில் இருந்து விலகல்
1945 - இன்றைய ஜி.சி.டி.யின் தொடக்கமான ஆர்தர் ஹோப் கல்லூரி
1952 - 2,000 ரூபாய் விலையில் இரண்டு இருக்கை கார், லைசென்ஸ் மறுப்பு
1974 - மறைவு
2025 - அவிநாசி சாலை மேம்பாலத்துக்கு அவர் பெயர்